பாதியில் நிற்கும் பள்ளிக் கட்டடம்: அரசுப் பணம் என்ன ஆனது என்று பெற்றோர் கேட்க முடியுமா?

முடியும். கேட்டே ஆகவேண்டும். ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் வீணாக்கினோம். உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் வீடு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பள்ளிக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து நான்கு வகுப்பறைகள் போயின. புதிதாகக் கட்ட ஒரு கான்ட்ராக்டர் வந்தார். சுவர் ஜன்னல் மட்டம் வரை எழுந்தது. ஒரு திங்கட்கிழமை ஆட்கள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலைமையாசிரியை மேல் பாய்ந்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். நிர்வாகக் குழுவின் பொருளாளர் நான். பள்ளிக் கணக்கில் அந்தப் பணம் ஒரு ராண்ட் கூட வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அம்மாவைக் கேட்டது இன்றும் உறுத்துகிறது.

பள்ளியின் கையில் இருப்பது ஃபீஸும் அன்றாடச் செலவுக்கான மானியமும்தான். 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி அதன் பட்ஜெட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்கவேண்டும். ஆண்டுக் கணக்கைப் பெற்றோர் கேட்டால் காட்டவேண்டும். கட்டடப் பணம் போகும் பாதையே வேறு. தேசிய அரசின் கல்விக் கட்டமைப்பு மானியம் மாகாணக் கல்வித் துறைக்கு வரும். அங்கிருந்து பொதுப்பணித் துறையோ வேறொரு அரசு நிறுவனமோ டெண்டர் விட்டு, வேலையை மேற்பார்த்து, கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்க வைக்கும். ஆகவே கல்வித் துறையையும், அந்த வேலையை நடத்தும் நிறுவனத்தையும்தான் கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது? 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. இங்கே 'பாயா' என்பார்கள். முதல் தடவை "பணம் என்ன ஆனது?" என்று எழுதினோம். "பணி நடைபெற்று வருகிறது" என்று ஒருவரிக் கடிதம் வந்தது. இரண்டாம் தடவை காகிதங்களைப் பெயர் சொல்லிக் கேட்டோம்: ஒப்பந்தத் தொகை, எந்த வேலை எவ்வளவு என்று சொல்லும் அளவுப் பட்டியல், இவ்வளவுக்குப் பணம் கொடுக்கலாம் என்று மாதாமாதம் கையெழுத்தான பேமென்ட் சர்டிஃபிகேட்டுகள், சைட் மீட்டிங் குறிப்புகள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், உடனே மேல்முறையீடு செய்யலாம். செய்தோம். காகிதம் வந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேமென்ட் சர்டிஃபிகேட். கட்டி முடித்த வேலைக்கு மட்டுமல்ல, சைட்டில் வந்து இறங்கிய பொருளுக்கும் பணம் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். எங்கள் சர்டிஃபிகேட் ஒன்றில் கூரைக்கான மரச்சட்டங்கள் இறங்கியதாகப் பணம் போயிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், ரிடையரான மேஸ்திரி, டேப்பும் காகிதமுமாக வந்து ஒரு சனிக்கிழமை முழுக்கப் பார்த்தார். மரச்சட்டம் ஒன்றுகூட இல்லை. நனைந்து கல்லான சிமெண்ட் மூட்டைகள்தான். தேதியோடு படம் எடுத்துத் துறைக்கும் தேசியத் தலைமைத் தணிக்கை அலுவலகத்துக்கும் அனுப்பினோம். 2019 ஏப்ரல் முதல் அந்த அலுவலகத்துக்குப் பல் முளைத்திருக்கிறது: பெரிய முறைகேட்டைத் துறைத் தலைவர் சரிசெய்யாமல் விட்டால், இழப்பை அவரிடமே வசூலிக்கும் அளவுக்குப் போகலாம்.

என் தாத்தா காலத்தில் இதெல்லாம் வேறு மாதிரி. டர்பன் இருந்த நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றால் சமூகம் ஒரு பவுண்டு சேர்க்கவேண்டும், அரசு ஒரு பவுண்டு போடும். இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே இருந்த வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரியின் பெயரில் 1929-இல் திறந்த உயர்நிலைப் பள்ளியான சாஸ்திரி காலேஜுக்கும் மக்கள் திரட்டிய பணம் உண்டு. காய்கறித் தோட்டம் வைத்திருந்த தாத்தா ஒரு கட்டடக் கமிட்டியில் இருந்தார். கோயில் பூஜை முடிந்ததும் செங்கல் எத்தனை, கூலி எவ்வளவு என்று வாசிப்பாராம். கேட்க ஊரே உட்கார்ந்திருக்குமாம். வரி கட்டிய மக்களே மறுபடி பாதி கட்டியது அநியாயம், அந்த முறை திரும்ப வேண்டாம். அந்த வாசிப்பு மட்டும் திரும்ப வேண்டும். இப்போது எங்கள் பெற்றோர் கூட்டங்களில் சர்டிஃபிகேட்டுகளை நான் சத்தமாக வாசிக்கிறேன்.

2014-இல் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுப் பையன் பள்ளிக் குழிக் கழிவறையில் விழுந்து இறந்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2013 நவம்பரில்தான், அப்படிப்பட்ட கழிவறை கூடாது என்று அரசே விதி போட்டிருந்தது. தண்ணீரோ கழிவறையோ இல்லாத பள்ளிகளுக்கு அவற்றைக் கொடுக்க 2016 வரை கெடு. கெடு தாண்டியும் பல பள்ளிகளில் வேலை முடியவில்லை. ஒரு கையெழுத்தைச் சரிபார்க்க நான் ஏன் இவ்வளவு அலைகிறேன் என்று கேட்பவர்களிடம் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் சொல்வேன்.

எங்கள் வேலை வேறு கான்ட்ராக்டரிடம் போனது. நான்கு வகுப்பறையும் திறந்தாயிற்று. அளவுப் பட்டியலில் ஆறு கழிவறை, தரையில் ஐந்து. ஆறாவதற்கான விண்ணப்பத்தைப் போன மாதம் கொடுத்திருக்கிறோம்.