குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்கலாமா?

கேள்வி: பிறந்து ஐந்து நாளான பேத்திக்கு மார்பு வீங்கி, காம்பில் பால் மாதிரி கசிகிறது. குளிப்பாட்ட வரும் அம்மா பிதுக்கி எடுக்கச் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். கருவில் இருந்தவரை தாயின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குழந்தைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதன் விளைவுதான் இது. ஆண் குழந்தைக்கும் வரும்; சில வாரங்களில் தானாக வற்றிவிடும். பிதுக்கினால் கிருமி புகுந்து சீழ் கட்டும். பச்சைப்பிள்ளைக்கு அந்த வேதனை தேவையா? தோல் சிவந்து சூடாக இருந்தால் மட்டும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முதல் வாரத்தில் பெண் குழந்தையின் துணியில் லேசாக ரத்தம் படுவதும் அதே ஹார்மோன் நின்றுபோவதால்தான்.

கேள்வி: எட்டு வாரக் கர்ப்பம். தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். கருவின் தைராய்டு சுமார் 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும். பாதிக் கர்ப்பம் வரை மூளை வளர்ச்சிக்கு உங்கள் ஹார்மோனைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. பலருக்கு டோஸைக் கூட்டவே வேண்டிவரும். உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. அப்புறம் எதற்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும்?

தைராய்டு குறைவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். நன்றாக இருக்கும்போதே எடுப்பதில்தான் பலன். தைராய்டு குறைவோடு பிறக்கும் குழந்தையும் முதல் நாட்களில் சாதாரணமாகவே தெரியும். தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச நாள் தாங்கும். நீளும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை எல்லாம் தெரிந்தபின் மருந்து தொடங்கினால் மூளைக்கு நேர்ந்த பாதிப்பை முழுதாகச் சரிசெய்ய முடியாது. இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள்.

இந்தச் சோதனையில் பார்க்கும் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பிறந்த உடனே இயல்பாகவே ஏறி இறங்கும். அதனால் 48 மணி நேரம் கழிந்தபின் எடுப்பது நல்லது. டிஸ்சார்ஜ் ஆகும்போது, "சாம்பிள் எடுத்தாச்சா, ரிசல்ட் எப்போது?" என்று கேட்காமல் கிளம்பாதீர்கள். மாத்திரை தரச் சொன்னால் பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுங்கள். பாட்டில் நிறைய கலந்தால், மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளை அதே நேரத்தில் தரக்கூடாது.

கேள்வி: 31 வாரத்திலேயே வலி. ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது, ஆனால் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் நிறையும்போது குழந்தையின் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடி நுரையீரலைப் பக்குவப்படுத்தும். முன்கூட்டியே பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்த வேலையை ஊசி செய்கிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு டாக்டர்கள் 1972-ல் வெளியிட்ட ஆய்வு முதல் இது நிரூபணமான சிகிச்சை. முழுப் பலனுக்கு ஒரு நாளாவது தேவை என்பதால் யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் சில நாள் உங்கள் சர்க்கரை அளவு ஏறும்.