தோட்டத்துக் குட்டை நீரைப் பச்சையாக்கும் கிளமிடோமோனஸ் என்பது என்ன?

கிளமிடோமோனஸ் என்பது நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாழும் ஒற்றைச் செல் பச்சைப்பாசி. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. முன்புறமுள்ள இரண்டு கசையிழைகளை, தவளை நீச்சல் அடிப்பவர் கைகளை விரித்து இழுப்பதுபோல், விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை வீசி அது நீந்துகிறது. செம்மஞ்சள் நிறக் கண்புள்ளி ஒளி வரும் திசையை அறிய உதவுவதால், மிதமான வெளிச்சத்தை நாடிச் செல்லும் இந்த உயிர், கடுமையான ஒளியிலிருந்து விலகிவிடுகிறது. மூளையோ நரம்போ இல்லாத ஒரு செல்லுக்கு இது பெரிய திறன்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) இடும் உரத்தின் நைட்ரஜனும் பாஸ்பரசும் மழைநீரில் கரைந்து குட்டைகளில் சேரும்போது, இத்தகைய பாசிகள் விரைவாகப் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. ஒரு தாய்ச்செல்லின் சுவருக்குள்ளேயே பல சேய்ச்செல்கள் உருவாகி வெளிவரும். நைட்ரஜன் தீர்ந்தால், இரண்டு செல்கள் இணைந்து தடித்த சுவருடைய வித்தாக மாறி, குட்டை வற்றினாலும் சேற்றில் உயிரோடு காத்திருக்கும்.

பச்சை நீர் எல்லாமே நஞ்சு என்று பலர் கருதுவது சரியன்று. நன்னீரில் நஞ்சு சுரப்பவை பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி எனப்படும் பாக்டீரியாக்களே, ஆயினும் இரண்டையும் வெறுங்கண்ணால் உறுதியாகப் பிரித்தறிய முடியாததால், அந்நீரைக் குடிக்கக் கூடாது.