எஸ்டிஆர் கருவிகளுக்கு விண்டோஸ் இன்ஸ்டாலர்: பீட்டா விடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் நாங்கள் நான்கு மாணவர்கள். எஸ்டிஆர் (யுஎஸ்பி டாங்கிள் பிடிக்கும் ரேடியோ அலையைக் கணினி நிரலே பிரித்தெடுக்கும் ரேடியோ) கருவிகளான குனூ ரேடியோ, சோப்பி எஸ்டிஆர், ஆர்டிஎல் எஸ்டிஆர் எல்லாவற்றையும் ஒரே விண்டோஸ் இன்ஸ்டாலரில் கட்டியிருக்கிறோம். எங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது. பீட்டாவாக விடலாமா?

பதில்: உங்கள் லேப்டாப்பில் ஓடுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பைத்தான், விஷுவல் ஸ்டுடியோ எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். புதிதாக விண்டோஸ் போட்ட மெஷினில் முதலில் வருவது 'எம்எஸ்விசிபி140 டிஎல்எல் காணவில்லை' என்ற பிழைதான். அந்த டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலக ஃபைல்) அடங்கிய விஷுவல் சி++ ரன்டைமையும் இன்ஸ்டாலருக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

வியாசர்பாடியில் யார் வீட்டிலாவது செகண்ட் ஹேண்ட் பென்டியம் மெஷின் இருந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் புது பிராசஸருக்கென்றே கம்பைல் செய்திருந்தால், ஏவிஎக்ஸ்2 என்ற வேகக் கட்டளைத் தொகுப்பு இல்லாத பழைய சிபியுவில் நிரல் திறந்த உடனே சாகும்; ஈவென்ட் வியூவரில் சி000001டி என்று முடியும் குறியீடு நிற்கும். பொதுவான எக்ஸ்64-க்குக் கட்டினாலே போதும். வேகம் வேண்டிய கணக்குகளுக்கு, ஓடும்போதே சிபியுவைப் பார்த்து சரியான வழியை குனூ ரேடியோவின் வோல்க் நூலகம் எடுத்துக்கொள்ளும்.

பெரிய ஆபத்து பாத் மாறியில்தான் (நிரல்களை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல்). இன்ஸ்டாலர் கட்டும் கருவியான என்எஸ்ஐஎஸ்-ஸின் சாதாரண பில்டில் ஒரு சரத்துக்கு 1024 எழுத்துதான் வரம்பு. பயனரின் பாத் அதைவிட நீளமாக இருந்தால், படிக்கும்போது வெறும் சரம் வரும். அதோடு உங்கள் ஃபோல்டரைச் சேர்த்துத் திருப்பி எழுதினால் அவருடைய பழைய பாத் முழுக்கக் காலி. செட்எக்ஸ் கட்டளையும் 1024-இல் வெட்டிவிடும். என் யோசனை, பாத்தைத் தொடவே வேண்டாம். டிஎல்எல்களை நிரலின் பக்கத்திலேயே வையுங்கள், விண்டோஸ் அங்கேதான் முதலில் தேடும். கட்டளை வரி கேட்பவர்களுக்கு, அந்த ஜன்னலுக்கு மட்டும் பாத் அமைக்கும் பேட்ச் ஃபைல் ஒன்றை ஸ்டார்ட் மெனுவில் போடுங்கள். பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கும் மெஷினிலும் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். பல கருவிகள் அந்தப் பாதையில் தடுக்கி விழும்.

டிரைவரைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் டிவி டிரைவரைப் போட்டுவிடும். டிரைவர் மாற்றும் கருவியான ஜாடிக்கில் 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0'-வைத் தேர்ந்து வின்யுஎஸ்பி டிரைவருக்கு மாற்ற வேண்டும். போடாவிட்டால் பிழை -12 வரும். தவறிப்போய் மவுஸைத் தேர்ந்தால் மவுஸ் செத்தது. டிவைஸ் மேனேஜரில் டிரைவரோடு சேர்த்து நீக்கிவிட்டு மறுபடி செருக வேண்டும். இதைப் படத்தோடு உதவிப் பக்கத்தில் போடுங்கள்.

ஆர்டிஎல் எஸ்டிஆரின் வி4 மாடல் டாங்கிள் வைத்திருப்பவர்களுக்காக ஆர்டிஎல் நூலகத்தின் புதிய பதிப்பையே சேருங்கள். அந்த டாங்கிளிலுள்ள ஆர்828டி டியூனர் சிப்புக்கு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்று பழைய நூலகம் நினைத்துக்கொள்ளும், உண்மையில் இருப்பது 28.8. டாங்கிள் திறக்கும், ஸ்டேஷன் மட்டும் வராது. பழி உங்கள் இன்ஸ்டாலர் மேல்தான் விழும்.

சோதனைக்கு முதலில் எஃப்எம் ரெயின்போ 101.4. அது கேட்டால் அடுத்தது கப்பல்களின் ஏஐஎஸ் (தங்கள் இருப்பிடத்தை அவை ரேடியோவில் அறிவிக்கும் முறை). துறைமுகம் பக்கத்திலேயே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டு சேனலும் ஒரே டாங்கிளில் அடங்கும். 46 செ.மீ. கம்பியைக் காசிமேடு பக்கம் ஒரு மொட்டை மாடியில் நிமிர்த்தி வைத்தால் போதும். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் தன் இருப்பிடத்தை 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான் சொல்லும், எனவே அரை நிமிடத்தில் டிகோடரைத் திட்ட வேண்டாம்.

டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இல்லாததால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீல எச்சரிக்கை ஜன்னல் வரும். அதைத் தாண்டும் வழியையும் ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ-256 எண்ணையும் பதிவிறக்கும் இடத்திலேயே கொடுங்கள். குனூ ரேடியோ ஜிபிஎல்3 உரிமத்தில் இருப்பதால், அந்த பில்டுக்குரிய மூலநிரலும் கூடவே கிடைக்க வேண்டும். புகார் சொல்கிறவரிடம் மூன்றைக் கேளுங்கள்: விண்டோஸ் பதிப்பு, டாங்கிள் மாடல், சோப்பி எஸ்டிஆர் யூட்டிலின் 'இன்ஃபோ' வெளியீடு. எந்த ஃபோல்டரிலிருந்து எந்த மாட்யூல் ஏறியிருக்கிறது என்பது அதில் வரிசையாக வந்துவிடும். பழைய நிறுவலின் மாட்யூல் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே தெரியும்.