பெட்டியில் ‘மீடியம்’, கட்டிலில் யார்?

கேள்வி: மருத்துவமனைக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். முதுகெலும்பு முறிவு நோயாளிகளுக்காக ஆயத்த பிரேஸ்களை, அதாவது முதுகை அசையாமல் பிடிக்கும் தாங்கு கவசங்களை, வாங்கி இருப்பு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு விற்பனையாளர்கள் மாதிரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கண்ணுக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. விலையைத் தவிர எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலைப்பட்டியலைச் சற்று மூடி வையுங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் வார்டுகளில் யாருக்கெல்லாம் பிரேஸ் எழுதினார்கள், முறிவு முதுகெலும்பின் எந்தக் கணுவில் இருந்தது என்று முதலில் ஒரு கணக்கு எடுங்கள். ‘முதுகு பெல்ட்’ என்ற ஒரே பெயரில் ஸ்டோரில் கிடக்கும் சரக்குகள் செய்கிற வேலை ஒன்றல்ல.

முறிவுகள் அதிகம் வருவது நெஞ்சு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில். டி10 முதல் எல்2 வரை என்று வைத்துக்கொள்ளலாம் (நெஞ்சு முதுகின் கணுக்களுக்கு ‘டி’, இடுப்பு முதுகின் கணுக்களுக்கு ‘எல்’, மேலிருந்து கீழாக எண்). விலாக்கூடு பிடித்திருப்பதால் மேல்பகுதி விறைப்பாக நிற்கும், கீழ்ப்பகுதி வளையும். நடுவில் மாட்டிக்கொள்கிற கணுதான் நொறுங்குகிறது. அதற்கு மார்பிலிருந்து இடுப்பு வரை பிடிக்கும் பிரேஸ் வேண்டும். டாக்டர்கள் டி.எல்.எஸ்.ஓ. என்று எழுதுவது இதைத்தான்.

முறிவு டி6-க்கு மேலே போனால் அதே பிரேஸ் போதாது. தாடையையும் பிடரியையும் தாங்கும் கழுத்து இணைப்பும் சேர வேண்டும். கீழே எல்4, எல்5 பக்கம் போனால் சிக்கல் வேறு மாதிரி. இடுப்போடு முடிகிற பிரேஸைக் கட்டினால் அந்தக் கடைசிக் கணுக்களில் அசைவு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். நார்ட்டன், பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிலருடைய முதுகுக் கணுக்களில் கம்பி செருகி அளந்து 1957-லேயே இதை எழுதிவிட்டார்கள். (அதற்குச் சம்மதித்துப் படுத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு கூசும்.) மேலே கட்டிப்போட்டால், குனிகிற அசைவு முழுவதும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இடத்தை நிஜமாகவே நிறுத்த வேண்டுமானால் ஒரு தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் துண்டு தேவை. ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இதே பிரேஸோடு கழுத்து இணைப்பும் தொடை இணைப்பும் பொருந்துமா, அவற்றைத் தனியாக வாங்க முடியுமா?

அடுத்தது, எந்த அசைவைத் தடுக்கிறது என்பது. ஜூவெட் என்று ஒரு சட்டம் பார்த்திருப்பீர்கள். மார்பெலும்பில் ஒரு மெத்தை, அடிவயிற்றுக்குக் கீழ் எலும்பில் ஒரு மெத்தை, பின்னால் முதுகில் ஒரு மெத்தை. மூன்று இடத்தில் அழுத்திக் குனியவிடாமல் செய்யும். காற்றோட்டம் இருப்பதால் நோயாளிகளுக்குப் பிடிக்கும். ஆனால் உடம்பைத் திருகுவதையும் பக்கவாட்டில் சாய்வதையும் அது பெரிதாகத் தடுப்பதில்லை. கணுவின் பின்பக்கமும் உடைந்து நிலைகுலைந்த முறிவுக்கு அது ஆகாது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். முதுகைப் பின்னுக்கு வளைக்கிற அழுத்தம் பின்பக்கத்தில் வேறு ஒரு சுமையாக ஏறும். முன்னும் பின்னும் ஓடு மாதிரி மூடும் பிரேஸ் திருகலையும் ஓரளவு பிடிக்கும், ஆனால் வேர்த்துக் கொட்டும். எது வேண்டும் என்பது அறுவை மருத்துவர் முடிவு. அவர் கேட்கும் நேரத்தில் இரண்டும் அலமாரியில் இருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

‘எல்லோருக்கும் ஒரே அளவு’ என்று நான்கில் ஒருவராவது சொல்லியிருப்பார். அந்த வாசகத்தை நான் பாதிதான் நம்புவேன். சுற்றளவைக் கயிறு இழுத்துக் கூட்டிக் குறைக்கலாம். உயரத்தை? முன் ஓட்டின் நீளத்தையும் மாற்ற முடிகிறதா என்று கையால் மாற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் ஊழியர்களிலேயே குள்ளமானவர் ஒருவர், நெட்டையானவர் ஒருவர், தொப்பை உள்ளவர் ஒருவர் என்று மூன்று பேருக்குக் கட்டி, நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். நிற்கும்போது எல்லா பிரேஸும் அழகாகத்தான் இருக்கும். உட்கார்ந்ததும் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, மொத்தமும் மேலே ஏறித் தொண்டையில் இடிக்கும். வாங்கலாமா வேண்டாமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை, என் அனுபவத்தில் இதுதான் அதிகம் வடிகட்டும். இரவுப் பணி நர்ஸ்களைக் கூப்பிட்டு, ஒருவரைப் படுக்க வைத்து, கட்டையைப் புரட்டுவது போல உடம்பு முறுக்காமல் புரட்டி, பிரேஸை மாட்டச் சொல்லுங்கள். இரண்டு பாதியாகப் பிரியாத பிரேஸ், எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று தெரியாத பிரேஸ் இரண்டும் அங்கேயே தோற்றுப்போகும்.

மற்றவை சுருக்கமாக. உள் மெத்தையும் பட்டைகளும் தனியாகக் கிடைக்க வேண்டும். வெல்க்ரோவில் பஞ்சு ஏறிப் பிடிப்பு விட்டதற்காக முழு பிரேஸையும் தூக்கிப் போட முடியாது. எக்ஸ்ரேயில் குறுக்கே நிழல் விழுமா, எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். வயிற்றில் உணவு செலுத்தும் குழாயோ மலப்பையோ உள்ளவர்களுக்கு முன்பக்கம் திறப்பு வெட்ட முடிகிறதா என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்த்தோடிஸ்ட் (பிரேஸ் பொருத்தும் நிபுணர்) வந்து நோயாளிக்குப் பொருத்தி, தேவையானால் விளிம்பைச் சீவிக் கொடுப்பது விலைக்குள் அடக்கமா என்று பாருங்கள். பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு எல்1-இல் முறிவு. வார்டில் ‘மீடியம்’ பிரேஸ் கட்டினார்கள். உட்கார்ந்தால் தொண்டையில் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் அது சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில் பிரேஸின் இடுப்புப் பகுதி உட்கார வேண்டும். கீழ்ப்பட்டையை முதலில் இறுக்கி, பிறகு மேலே வர வேண்டும். பல இடங்களில் தலைகீழாகச் செய்கிறார்கள், உடனே பிரேஸ் மேலே ஏறிவிடுகிறது. சரியாகக் கட்டிய பிறகும் மேல் விளிம்பு தொண்டைக்குழியை எட்டுகிறது என்றால் முன் ஓடு அவருக்கு அதிக நீளம் என்று அர்த்தம், அளவை மாற்றத்தான் வேண்டும். மார்பு, இடுப்புச் சுற்றளவோடு, தொண்டைக்குழியிலிருந்து அடிவயிற்று எலும்பு வரையுள்ள நீளத்தையும் அளந்தார்களா என்று கேளுங்கள். சட்டை அளவைச் சொல்லி பிரேஸ் எடுப்பது சரிவராது.

உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போடுங்கள். கழற்றும்போது தோலைப் பாருங்கள்: சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை, மறையாவிட்டால் அந்த இடத்தில் புண் தொடங்கப்போகிறது, அன்றே சொல்லிவிடுங்கள். கழற்றி வைப்பதை மட்டும் அவர் இஷ்டத்துக்கு விடாதீர்கள். படுக்கையில் கழற்றலாமா, உட்காருமுன் கட்டியே ஆகவேண்டுமா என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: ஆயத்த பிரேஸ் மட்டம், உடம்பில் அச்சு எடுத்துச் செய்வதுதான் உயர்ந்தது என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: சிலருக்கு உண்மை. கூன் அல்லது பக்கவளைவு அதிகம் உள்ளவர், எந்த அளவுக்குள்ளும் அடங்காத உடல்வாகு உள்ளவர், உணர்ச்சியற்ற தோல் உள்ளவர் ஆகியோருக்கு அச்சு எடுத்துச் செய்வதே நல்லது. ஆனால் அது தயாராகி வரும்வரை நோயாளி படுத்தே கிடக்க வேண்டியிருந்தால், நெஞ்சுச் சளி, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் மூன்றும் காத்திருக்காது. ஆயத்த பிரேஸ் அன்றைக்கே கிடைக்கும், அடுத்த நாளே எழுப்பி நடக்க வைக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நரம்பு பாதிக்காத ஒருவகை நொறுங்கல் முறிவில் பிரேஸ் கட்டியவர்களையும் கட்டாதவர்களையும் ஒப்பிட்ட பல மருத்துவமனை ஆய்வு 2014-இல் வெளியானது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தேறினார்கள். அதனால் உறவினர் பேச்சுக்காக அதிகச் செலவு செய்யுமுன், ‘இந்த முறிவுக்கு பிரேஸ் எதற்காக?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலிக்காகவா, எலும்பு மேலும் சாயாமல் இருக்கவா? பதிலைப் பொறுத்து ஆயத்தமே போதுமாக இருக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் குணமாகித் தன் பிரேஸைத் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இவை ஒருவருக்கு ஒன்று என்று செய்யப்படுபவை. அவர் உடம்புக்காகச் சீவிய விளிம்பு உங்களைக் குத்தும், மெத்தையில் அவர் வியர்வை ஊறியிருக்கும். அவரிடமிருந்து வாங்கக்கூடியது ஒன்று உண்டு: எந்தப் பட்டையை எந்தத் துளைவரை இழுத்தால் இரவில் மூச்சு முட்டாமல் இருந்தது என்று கேட்டு வாருங்கள், பெட்டிக்குள் வரும் தாளில் அது இருக்காது.