எடை குறைந்த ஹெல்மெட் கழுத்து வலியைப் போக்குமா?

கேள்வி: தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். முகம் முழுவதையும் மூடும் என் ஹெல்மெட்டின் எடை 1,650 கிராம். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இறங்கும்போது கழுத்து வலிக்கிறது, நெற்றியும் பொட்டும் விண்விண் என்று தெறிக்கின்றன. நான் மூக்குக் கண்ணாடி அணிபவன். கடைக்காரர் தலையின் மேல்பாதியை மட்டும் மூடும் 450 கிராம் ஹெல்மெட் ஒன்றைக் காட்டி, தரமுத்திரை இருக்கிறது, தைரியமாக வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. ஆனால் தலையைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்குதான். அது நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த நொடித்துளியில்தான் மூளையின் மீது விழும் அதிர்ச்சி குறைகிறது. நசுங்க ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். 450 கிராம் ஹெல்மெட்டின் உட்துணியை விலக்கிப் பாருங்கள். மெல்லிய பஞ்சுதான் இருக்கும், அல்லது விரல்கனம்கூட இல்லாத தெர்மோகோல். அதை அணிவதும் தொப்பி அணிவதும் ஒன்றுதான்.

முத்திரை இருக்கிறதாம்! தரமுத்திரை ஒட்டுத்தாள் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கி எதன் மீது வேண்டுமானாலும் ஒட்டலாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் (DOT) முத்திரைக்கு, விற்பனைக்கு முன் அரசு எந்த ஹெல்மெட்டையும் சோதிப்பதில்லை. விதிக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே சான்று கூறிக்கொள்கிறார். சந்தைக்கு வந்த பிறகு சிலவற்றை மட்டும் அரசு வாங்கி உடைத்துப் பார்க்கிறது. சாலையில் நிறுத்திச் சோதிப்பவர்களோ தலையில் ஏதோ ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். உயிர் காக்கும் பொருளின் தரத்தை வாங்குபவரே துப்பறிய வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆனாலும் இன்றைய நிலை அதுதான்.

ஆகவே ஒட்டுத்தாளை விட்டுவிட்டுத் தாடைப் பட்டையைப் பாருங்கள். ஐரோப்பாவின் ஹெல்மெட் தரவிதியான இசிஇ (ECE) விதியின்படி, விற்பனைக்கு முன்பே ஆய்வகச் சோதனை கட்டாயம். அதில் தேறிய ஹெல்மெட்டில் ஒரு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் பட்டையில்தான். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தும் ஒரு நாட்டின் எண்ணும் இருக்கும். அதை அடுத்து வரும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது 22.06 என்ற புதிய விதிப்படி தேறியது. தலை சாய்வாக மோதிச் சுழலும்போது என்ன ஆகிறது என்பதையும் இந்த விதி சோதிக்கிறது. எண்ணை ஒட்டி ‘பி’ (P) என்று இருந்தால் தாடைக்கும் பாதுகாப்பு உண்டு. ‘என்பி’ (NP) என்றால் தாடைப்பகுதி வெறும் மூடிதான். முன்பகுதியைத் தூக்கும் வகையைக் கடைக்காரர் அடுத்ததாக எடுத்து நீட்டுவார். அதில் இந்த எழுத்தைப் பார்க்காமல் பணப்பையைத் திறக்காதீர்கள்.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன். மனிதத் தலையே நாலரை, ஐந்து கிலோ. அதன் மேல் இருநூறு கிராம் கூடுவதோ குறைவதோ உங்கள் வலிக்கு முழுக் காரணமாக இருக்காது. தளர்ந்த ஹெல்மெட் காற்றில் ஆடுவதும், அதைப் பிடித்து நிறுத்தக் கழுத்துத் தசைகள் ஓயாமல் இறுகுவதும்தான் பலருக்கு வலியைத் தருகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. ஆறு ஆண்டுகளில் உள் பஞ்சு அமுங்கியிருக்கும். அளவும் ஒரு படி பெரிதாகியிருக்கும். பட்டையை மாட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால், வலிக்கு மட்டுமல்ல, விபத்துக்கும் அது உதவாது.

புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அணிந்ததும் கன்னம் இறுக வேண்டும். ஹெல்மெட்டை அசைத்தால் முகத்தோலும் கூடவே அசைய வேண்டும். கால்மணி நேரம் கழற்றாமல் நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நெற்றியில் ஒரே புள்ளியில் அழுத்தினால் அது எடைக் கோளாறு அன்று. உங்கள் தலை நீளவாக்கு, ஹெல்மெட் உருண்டை. வேறு நிறுவனத்தின் ஹெல்மெட்டை முயலுங்கள்.

இறுக வேண்டும் என்ற விதிக்கு உங்களைப் போல மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் மட்டும் விலக்கு. முழு விலக்கும் அன்று. கண்ணாடியின் காம்பு பொட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே நசுங்கும்போது வரும் வலியைப் பலர் ஹெல்மெட்டின் பாரம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பொட்டு வலி அதுவாகவே இருக்கக்கூடும். அதற்காக ஒரு அளவு பெரிதாக வாங்கினால் மீண்டும் ஆட்டம், மீண்டும் கழுத்து வலி. காம்பு நுழைவதற்கென்று பஞ்சில் பள்ளம் விட்ட ஹெல்மெட்டுகள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். காதுக்குப் பின்னால் வளையாத, மெல்லிய, நேரான காம்புள்ள கண்ணாடி இன்னும் நல்லது. ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியைச் செருகிப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். தெர்மோகோலை நீங்களே குடைந்து பள்ளம் செய்துவிடவும் கூடாது. நெகிழும் பஞ்சில் மட்டுமே அந்த இடம் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எடையைக் குறைக்கலாம். முகம் முழுவதையும் மூடும் வகையில் சாதாரணப் பிளாஸ்டிக் ஓடு 1,400 முதல் 1,700 கிராம் வரை வரும். கண்ணாடியிழை ஓட்டில் கொஞ்சம் குறையும், கார்பன் இழையில் இன்னும் கொஞ்சம். கார்பன் பின்னல் போல அச்சிட்ட பிளாஸ்டிக்கைக் கார்பன் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஓடு எதனால் ஆனது என்று விவரச்சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் வரும் எடை சிறிய அளவுக்கானதாக இருக்கலாம் என்பதால், உங்கள் அளவைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 1,300 கிராமை ஒட்டி, ‘பி’ எழுத்துடன், ஆடாமல் பொருந்தும் ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள்.

புதிய ஹெல்மெட்டிலும் சில வாரங்களுக்கு மேல் கழுத்து வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். பழையதை யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். தாடைப் பட்டையைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் எடுத்துத் துடைத்து மறுபடியும் விற்பதற்கு ஆள் இருக்கிறது.