மாங்கூழுக்கு எவ்வளவு நீராவி? – வாசகர் கேள்வி பதில்

மாம்பழக் கூழ் காய்ச்சும் சிறு கூடம் வைத்திருக்கிறேன். உணவுப் பொருளின் தன்வெப்பத்தை (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றப் பிடிக்கும் வெப்பம்) கணக்கிட்டுத் தரும் மென்பொருள் இணையத்திலேயே இருக்கிறதாமே, அதில் என்னென்ன கொடுக்க வேண்டும்? 100 கிலோ கூழுக்கு எவ்வளவு நீராவி பிடிக்கும்?
– வாசகர், குடியாத்தம்

இத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலானவை சோய், ஒகோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் வெளியிட்ட சமன்பாடுகளைக் கொண்டே இயங்குகின்றன. நீர், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்த்து), நார்ச்சத்து, சாம்பல் ஆகிய ஆறின் சதவீதத்தையும் வெப்பநிலையையும் கொடுத்தால் போதும். தன்வெப்பம், அடர்த்தி, வெப்பக் கடத்துதிறன் மூன்றும் கிடைத்துவிடும்.

முதலில் நீர் 100, மற்றவை 0, வெப்பநிலை 25 என்று போட்டுப் பாருங்கள். தன்வெப்பம் 4.18 (கிலோஜூல்), கடத்துதிறன் 0.61 என வந்தால் அலகுகள் சரி. தன்வெப்பம் 1-ஐ ஒட்டி வந்தால் அது கிலோகலோரியில் காட்டுகிறது.

அடுத்து உங்கள் கூழ். நீர் 82, மாவுச்சத்து 15, நார் 1.4, புரதம் 0.8, கொழுப்பு 0.4, சாம்பல் 0.4 என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 90 வரை சூடேற்றுவதால் சராசரியாக 60-ஐக் கொடுங்கள். விடை 3.74 கிலோஜூல். 100 × 3.74 × 60 = 22,440 கிலோஜூல். 1 பார் கேஜ் அழுத்தத்தில் (அழுத்தமானி காட்டும் அளவு) ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது சுமார் 2,200 கிலோஜூல் தரும். ஆக, 10 கிலோ நீராவிக்குச் சற்று மேல். இது கூழுக்கு மட்டும். கொப்பரையைச் சூடாக்குவதும் அதன் உடம்பு வழியே போகும் சூடும் தனி. மூடியில்லாமல் கிண்டினால், ஆவியாகும் ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஏறக்குறைய 2,300 கிலோஜூலைக் கொண்டுபோய்விடும். நீராவி போதவில்லை என்றால் முதலில் மூடியைப் பாருங்கள்.

பிழை பெரும்பாலும் உள்ளீட்டில்தான் வருகிறது. ஆய்வக அறிக்கை உலர்நிலைக் கணக்கில் இருந்தால் புரதம் 4.4 என்று இருக்கும். ஈரத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது 0.8தான். பாக்கெட் லேபிளில் மாவுச்சத்துக்குள்ளேயே நாரும் அடங்கியிருக்கலாம். கழிக்காமல் போட்டால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். ஈரப்பதம் 1 சதவீதம் தவறினாலே விடை 0.025 அளவு நகரும். புரதம் அரை சதவீதம் தவறினால் மூன்றாம் தசமத்தில்தான் தெரியும். செலவழித்து அளப்பதானால் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள்.

அதே கூழை −18 டிகிரியில் உறைய வைக்கிறோம். −2-ல் தன்வெப்பம் பல மடங்காகக் காட்டுகிறதே, மென்பொருளில் கோளாறா?
– வாசகர், ஆம்பூர்

கோளாறு இல்லை. நீர் பனிக்கட்டியாகும்போது வெளிவிடும் வெப்பத்தையும் (கிலோவுக்கு 334 கிலோஜூல்) தன்வெப்பத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. மாங்கூழ் −1-ஐ ஒட்டி உறையத் தொடங்கும். வழக்கமான எளிய சமன்பாட்டின்படி, உறையக்கூடிய நீரில் −2-ல் பாதி, −5-ல் 80 சதவீதம், −18-ல் 94 சதவீதம் பனிக்கட்டியாகிவிடும். அதனால் இங்கே தன்வெப்பத்தைப் பெருக்காதீர்கள். தொடக்க, முடிவு வெப்பநிலைகளின் என்தால்பி (ஒரு கிலோவில் அடங்கியுள்ள மொத்த வெப்பக் கணக்கு) வித்தியாசத்தை எடுங்கள். சர்க்கரை சேர்த்த கூழ் என்றால் உறையத் தொடங்கும் புள்ளி இன்னும் இறங்கும். அந்தப் புள்ளிக்கு மென்பொருள் தானாகப் போட்ட எண்ணை அப்படியே விட்டால் பனிக்கட்டியின் அளவு கூடுதலாக வரும்.

முள்ளு கத்தரிக்காய்க்கு அடர்த்தி கன மீட்டருக்கு 1,020 கிலோ என்கிறது மென்பொருள். காயோ தண்ணீரில் மிதக்கிறது!
– வாசகி, இலவம்பாடி

நீங்கள் கண்டதுதான் சரி. கத்தரிச் சதைக்குள் இருக்கும் காற்று மென்பொருளுக்குத் தெரியாது. காயை எடை போட்டு, மெல்லிய கம்பியால் நீருக்குள் அழுத்தி, எவ்வளவு நீர் விலகுகிறது என்று அளந்து பாருங்கள். 250 கிராம் காய் 350 மில்லியை விலக்கினால் அடர்த்தி சுமார் 714. 1,020-ஓடு ஒப்பிட்டால் 30 சதவீதம் காற்று. நுண்துளை அளவு (காற்றின் பங்கு) கேட்கும் கட்டத்தில் 0.30 என்று இடுங்கள். கிலோவுக்கான தன்வெப்பம் மாறாது, காற்றுக்கு எடை அவ்வளவு குறைவு. கடத்துதிறன் நன்றாகவே குறையும். அந்தக் கட்டமே இல்லாத மென்பொருளானால், கத்தரிக்காய் ஆறுவதற்கு அது சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம்.