பலகையும் தகரமுமாக நிற்கும் கடற்கரை விடுமுறைக் குடில்களைப் பாரம்பரியம் என்று ஏன் காப்பாற்ற வேண்டும்?

நியாயமான கேள்விதான். நியூசிலாந்தில் ஆக்லாந்து நகருக்கு எதிரே உள்ள ரங்கிடோட்டோ எரிமலைத் தீவைப் பாருங்கள். அங்கே இந்தக் குடில்களுக்கு 'பேட்ச்' என்று பெயர். 1920, 30களில் சாதாரணக் குடும்பங்கள் கிடைத்த பழைய பலகை, தகரம், கல்நார் அட்டையைப் படகில் ஏற்றிவந்து தாங்களே கட்டியவை. தீவில் ஓடை கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடித்தார்கள். காலடியில் கிடந்த எரிமலைக் கல்லே சுவரும் பாதையும் ஆனது.

1937இல் புதிதாகக் கட்டத் தடை வந்தது. அப்போது சுமார் 140 குடில்கள் இருந்தன. பொது நிலத்தில் தனியார் வீடு எதற்கு என்ற வாதத்தில், 1970, 80களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். அந்த வாதத்தையும் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே தடைதான் மிஞ்சியவற்றை அந்தக் காலத்திலேயே உறையவைத்தது. மற்ற பல கடற்கரைகளில் பேட்ச்கள் இருந்த இடத்தில் பெரிய பங்களாக்கள் வந்துவிட, இங்கே பழைய குடில்கள் இன்னும் கூட்டமாக நிற்கின்றன. 38ஆம் எண் குடிலை மீட்டெடுத்து அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள்.

சரி, பராமரிப்பு எப்படி? மெருகேற்றினால் கெட்டது. துருப்பிடித்த தகரத்துக்குப் பதில் அதேபோன்ற தகரம்தான் போட வேண்டும், பளபளக்கும் ஓடு அல்ல.